தலை முறிக்காத புகையிலை

அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. இதை எங்காவது நடுவில் மெல்லச் சொல்லலாம் என்று பார்த்தேன். முடியவில்லை, முதல் வரியிலேயே வந்து குந்திக்கொண்டது.

என் கணவரின் தகப்பன். தொண்ணூறுகளின் நடுவில், ஊரில் வீட்டையும் வளவையும் விட்டுச் சண்டைக்குச் சனமெல்லாம் ஓடிய பிறகு, கொழும்பில் கொஞ்சக் காலம் ஒதுங்கி இருந்துவிட்டு, ஒக்லாந்தின் ஒனிஹங்காவில் நாங்கள் வாடகைக்கு இருந்த பலகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒரு சூட்கேஸ், ஒரு கறுப்புக் குடை, வாயில் பற்றவைக்காத சுருட்டு. விமான நிலையத்தில் பேத்தியைத் தூக்கக் கை நீட்டினார். நாலு வயதுக்காரி என் பின்னால் ஒளிந்துகொண்டு, "மம்மி, இட் ஸ்டிங்க்ஸ்," என்றாள். எங்கள் பகைக்கு அதுதான் தொடக்க விழா.

கொண்டுவந்த சுருட்டு தீர்ந்தது. இந்த நாட்டுச் சிகரெட்டை அவர் வெள்ளைக் குச்சி என்பார். குடிப்பார், துப்புவார், மறுபடி என்னைப் பார்த்துத் துப்புவார். பின்னேரங்களில் துறைமுகப் பக்கம் நடந்து போய் ஒரு வாங்கில் குந்தியிருப்பார். அங்கே இன்னொரு கிழவர், வெள்ளைக்காரர், தன் வீட்டுப் பின்வளவில் புகையிலை வளர்த்துத் தானே சுருட்டிக் குடிப்பவர். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. புகை இருந்தது. ஒரு நாள் மாமா படச்சுருள் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து குசினி மேசையில் திறந்தார்.

"விதையோ உது? மூக்குத்தூள் மாதிரிக் கிடக்கு," என்றேன்.

"தூள்தான் பிள்ளை. ஆனா உதுக்குள்ள ஒரு தோட்டமே கிடக்கு."

ஊரில் அவர் தபாலதிபர். புகையிலைத் தோட்டமும் இருந்தது. ஆனால் அந்த மண்ணைச் செருப்போடு மட்டும் மிதித்தவர். கொத்த ஆள், இறைக்க ஆள், முறிக்க ஆள். இவர் வரம்பில் குடையோடு நின்று, "அங்க, அங்க, அந்த மூலையில," என்பார். குடையை ஒக்லாந்துக்கும் கொண்டுவந்துவிட்டார். மண்வெட்டி பிடிக்கிற ஆளைத்தான் கொண்டுவரவில்லை. நான் இருந்தேனே.

காலையில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. மத்தியானம் பிள்ளை. அதற்குப் பிறகு இந்தப் பாத்தி. கொத்தினேன், நட்டேன், துணி அலசிய தண்ணீரை வாளியில் சுமந்து ஊற்றினேன். அவர் உடுப்புக் கொடியின் நிழலில் குடை விரித்து நின்றார். "அங்க, பிள்ளை, அந்த மூலையில."

செடி வளர்ந்தது. பொய் சொல்லமாட்டேன், அது அழகு. எருமைக் காது போல அகன்ற இலை, உடம்பெல்லாம் மெல்லிய மயிர், வெயில் ஏற ஏற ஊறி வரும் பிசின். மனுக்காவ் துறைமுகத்துக் காற்று உப்போடு வந்து அடிக்கும்போது முழுப் பாத்தியும் ஒரு பக்கம் சரிந்து, கும்பல் கும்பலாக எதையோ கேட்டுக்கொண்டு நிற்பது போல இருக்கும். என் கைகள்தான் நாறின. விரலெல்லாம் கறுத்த பிசின், சவர்க்காரம் போட்டால் அது இன்னும் இறுகும். கடைசியில் வேலிக்கரையில் நின்ற எலுமிச்சை மரத்தில் ஒரு காயைப் பறித்து அறுத்துத் தேய்த்தேன். போனது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. என் கையழுக்கைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை.

இலை முற்றியதும் புகை போட வேண்டும் என்றார். ஊரில் அதற்கென்று கொட்டில் இருக்கும், தேங்காய்ப் பொச்சு மட்டை மூட்டுவார்கள். இங்கே பொச்சுக்கு எங்கே போவது? தோட்டக் கருவிகள் வைக்கும் தகரக் கொட்டில் ஒன்று பின்னால் நின்றது. அதன் யன்னலுக்குச் சாக்குக் கட்டினார், கதவு இடுக்குகளுக்குப் பழைய துவாய் அடைத்தார், எலி நுழையாமல் இருக்கப் பூட்டும் போட்டார். இலைகளைக் கோர்த்து உள்ளே கட்டித் தொங்கவிட்டது நான். மீன் பிடிக்கிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில், மீன் புகைக்க வைத்திருக்கும் மனுக்கா மரத்தூளை மூட்டையாக வாங்கி வந்தது என் கணவர். ஈரம் தெளித்து மூட்டினார்கள். தீ எரியாது, புகை மட்டும் வரும். நாளும் பொழுதும் வந்தது.

வீடு மீன் வாசனை அடித்தது. பிள்ளையின் தலைமயிர், நான் காயப்போட்ட சேலை, பால், தலையணை, எல்லாம் புகைத்த மீன். பிள்ளையின் நெஞ்சு கூவத் தொடங்கியது. அவளுக்கு முன்பே முட்டு இருந்தது, குளிர் வந்தால் மூச்சு இழுக்கும், நீல நிற மருந்துப் பம்ப் எப்போதும் என் கைப்பைக்குள் கிடக்கும். இப்போது கோடை போகும் முன்பே விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே உள்ளே போய்வந்தது.

"மாமா, பிள்ளைக்கு முட்டு இழுக்குது. உந்தப் புகையை நிப்பாட்டுங்கோ."

"புகை கொட்டிலுக்குள்ள. பிள்ளை வீட்டுக்குள்ள. உன்ர வீட்டுச் சுவர் ஓட்டையெண்டால் வீட்டுக்காரனோட போய்க் கதை."

"இந்த நாட்டில உது களவு வேலை. பொலிஸ் வந்தால் தெரியும்."

"வரட்டும். தேத்தண்ணி ஊத்து."

கணவர் மங்கரேயில் விமானச் சரக்குக் கிடங்கில் வேலை. வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றும்போதே அவருக்கு நித்திரை வந்துவிடும். நான் கத்த, "அப்பாவுக்கு வேற என்ன கிடக்கு, சொல்லும் பாப்பம்," என்றார். எனக்கு என்ன கிடக்கிறது என்று கேட்டேன். அதற்குள் உறங்கிவிட்டார்.

எங்கள் வீடு பின்வீடு. ஒரே காணியில் முன்வீடு வேறு, கார் போகும் சிமெந்துப் பாதை இரண்டுக்கும் பொது. முன்வீட்டில் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண்மணி, ஏதோ அலுவலகத்தில் பெரிய வேலை, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் வேதக்காரி. பாதையோரம் வரிசையாக ரோசா நட்டிருந்தார். நாங்கள் குடிவந்த நாளில் இருந்து எங்களைக் காணும்போதெல்லாம் ரோசாவைத்தான் பார்ப்பார். அன்று என்னையே பார்த்தார்.

"என்னா இது, ஒரு வாரமா ஒரே புகை! உங்க மாமனார் அங்க என்னா பண்றாரு?"

"புகையிலை."

"சும்மா சொல்லாதீங்க லா. புகையிலைன்னா கடையில விக்குது. அதுக்கு எதுக்குச் சாக்கு கட்டி, பூட்டு போட்டு? எங்க ஊர்ல கஞ்சாவுக்குத் தூக்கு, தெரியுமா? தூக்கு! நாளைக்குப் பேப்பர்ல வந்தா இவங்களுக்கு சிலோன்காரன் மலேசியாக்காரன் எல்லாம் ஒன்னுதான். நான் இந்த ரோட்டுல முகம் காட்ட வேணாமா?"

"தூக்கினம் எண்டால் நல்லம். எங்கட ஆள் பின்னுக்கு நிக்கிறார், கூப்பிடட்டோ?"

"பேச்சைப் பாரு," என்று ரோசாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஞாயிறு மத்தியானம் பொலிஸ் வந்தது. நான் வாசற்படியில் பிள்ளையை மடியில் வைத்து, பம்பை வாயில் பொருத்தி, "மூச்சை இழு, இன்னும் இழு," என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஓர் ஆண், நடுத்தர வயது. ஒரு பெண், இளையவள். எனக்கு உள்ளே ஒரு வெளிச்சம். எழுந்துபோய் நானே கொட்டிலைக் காட்டினேன். மாமா சாவியைத் தர மறுத்தார். பிறகு அவரே பூட்டைத் திறந்தார், நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போகிறவர் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

கதவு திறக்கப் புகை பந்தாக வெளியே விழுந்தது. பொலிஸ்காரர் இருமினார். உள்ளே வௌவால்கள் மாதிரி இலைகள் தொங்கின. ஒன்றைத் தொட்டார், முகர்ந்தார், திரும்பித் தன் கூட்டாளியைப் பார்த்துச் சிரித்தார். தன் தாய் இளவயதில் தெற்குத் தீவுக்குப் புகையிலை பறிக்கப் போனவளாம். கோடையில் வீடு திரும்பும்போது இதே மணத்தோடு வருவாளாம். பிறகு என்னிடம் சொன்னார்: சொந்தப் பாவனைக்கு வளர்க்கலாம், பதப்படுத்தலாம், சட்டம் தடுக்கவில்லை. விற்கக்கூடாது. இன்னொருவருக்குக் கொடுக்கவும் கூடாது.

"என்னவாம்?" என்றார் மாமா.

நான் பிள்ளையைத் தூக்கி அணைத்துக்கொண்டேன். பிள்ளையின் நெஞ்சு என் தோளில் கூவிக்கொண்டிருந்தது.

"என்னவாம் எண்டு கேக்கிறன்!"

பொலிஸ்காரர் என் முகத்தைப் பார்த்தார், மாமாவின் முகத்தைப் பார்த்தார், பெருவிரலை உயர்த்திக் காட்டி அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அதற்குமேல் மொழிபெயர்ப்பு தேவையில்லை.

"குடிக்கலாமாம்," என்றேன். "ஒருத்தருக்கும் குடுக்கக் கூடாதாம்."

"ஆருக்குக் குடுக்கப் போறன்? நீயோ குடிக்கப்போறாய்?" குடையை விரித்தார், வெயிலும் இல்லை மழையும் இல்லை. பாதை நெடுகப் போய் முன்வீட்டு யன்னலுக்குக் கீழே நின்றார். திரை அசைந்தது. "தங்கச்சி, சட்டம் வந்து பாத்திட்டுப் போட்டுது. இனி நீங்கள் உங்கட பூவைப் பாருங்கோ!"

அன்று பின்னேரமே பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூக்கில் குழாய் வைத்து, முகமூடி போட்டு, இரண்டு நாள் வைத்திருந்தார்கள். வீட்டில் யாராவது புகைப்பார்களா என்று டாக்டர் கேட்டார். ஒருவர் இருக்கிறார், சட்டப்படி, என்றேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் சட்டம் என்றொரு ஆள் குடியிருந்தார். வாடகை கொடுக்காத ஆள். பின் படியில் புகைக்காதேங்கோ என்றால், சட்டம். கொட்டிலைத் திறந்து காற்று விடுங்கோ என்றால், சட்டம். இத்தனைக்கும் அந்த இலை உருப்படியாகக்கூடப் பதப்படவில்லை. இந்த ஊர் ஈரத்தில் பாதி பூஞ்சணம் பிடித்தது. கோணல் மாணலாகச் சுருட்டி, இருமி இருமி, கண்ணில் நீர் வழியக் குடித்தார். நல்லாயிருக்கோ என்று கேட்டேன். அமிர்தம் என்றார்.

குளிர்காலம் முழுக்கப் பிள்ளை நெஞ்சால் பாடினாள். நான் விடியலில் எழுந்து அவள் முதுகில் காது வைத்துக் கேட்பேன். உள்ளே ஒரு சின்னக் கப்பல் கரை தட்டும் சத்தம்.

அடுத்த வசந்தத்தில் பாத்தியைப் பெரிதாக்கினார். உடுப்புக் கொடிக்குக் கீழேயும் நட்டாயிற்று. நான் கொத்தவில்லை. கணவர் விடுமுறை நாட்களில் கொத்தினார், தகப்பனின் குடைக்கும் என் வாய்க்கும் நடுவில். தண்ணீர் மட்டும் நான் ஊற்றினேன். காய்ந்து நிற்கும் செடியைப் பார்த்துக்கொண்டு போக என்னால் முடியாது. அது செடியின் குற்றம் இல்லை.

செடி இடுப்பளவு வந்த நேரம் மாமாவின் கண்புரைக்கு ஆஸ்பத்திரியில் நாள் கிடைத்தது. குனியக்கூடாது, மண் தூசு படக்கூடாது என்றதால், ஆறும்வரை நகரின் பெரிய பாலத்துக்கு அந்தப் பக்கம், கிளென்ஃபீல்டில் இருந்த அவருடைய மகள் வீட்டில் தங்குவதாக முடிவு. போகும் முன் என்னைப் பாத்திக்குக் கூப்பிட்டார்.

"இப்ப மொட்டு வரும். வந்த உடன தலையை முறிச்சுப் போடவேணும். பிறகு பக்கத்தால கொழுந்து வரும், அதையும் கிள்ளவேணும். அப்பதான் சத்தெல்லாம் இலைக்கு இறங்கும். விட்டியோ, இலை கடதாசி. புகைக்கும் உதவாது, குடிக்கவும் உதவாது. விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு. முறிக்க மாட்டன்."

"என்ன?"

"தண்ணி விடுவன். முறிக்க மாட்டன்."

"என்ர பிள்ளை முறிப்பான்."

"அவரும் முறிக்க மாட்டார்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். புரை படிந்த கண்ணில் நான் எப்படித் தெரிந்தேனோ, புகை மாதிரித்தான் தெரிந்திருப்பேன். "இவ்வளவு இலையைக் கண்ணால கண்டுகொண்டு ஒருத்தி பாழாக்குவாளோ? பாப்பம்," என்று சிரித்துவிட்டுக் காரில் ஏறினார்.

பின்னேரம் தவறாமல் தொலைபேசி அடித்தது.

"தலை முறிச்சாச்சோ?"

"இல்லை மாமா. கண் எப்பிடி?"

"கண்ணை விடு. மொட்டு வந்திட்டுதோ?"

"வந்திட்டுது."

"முறி!"

"மாட்டன் மாமா. மருந்து விட்டாச்சோ?"

கணவரைக் கூப்பிடச் சொல்வார். கணவர் "ஓம் அப்பா, ஓம், ஓம்," என்பார். ஒரு சனிக்கிழமை அவர் பாத்திக்குப் போய்ச் செடிகளுக்கு முன்னால் நின்றார். நான் பின் யன்னலைத் திறந்தேன்.

"இஞ்சருங்கோ. முறியுங்கோ, நான் தடுக்கேல்லை. ஆனா பிறகு பிள்ளைக்கு இழுக்கேக்க அவளை நீங்கள்தான் மடியில வச்சிருக்க வேணும். ஒவ்வொரு முறையும். வேலைக்குப் போகாமல்."

ஒரு மொட்டைத் தொட்டார். கையைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, "எது தலை, எது கொழுந்து எண்டு எனக்கு வடிவாத் தெரியேல்லை," என்றார். எங்கள் கலியாண வாழ்க்கையில் அவர் சொன்ன மிக நல்ல பொய் அது.

பூத்தது. ஐயோ, அது பூத்த விதம்! செடிக்குச் செடி உச்சியில் இளஞ்சிவப்புக் குழல்கள், கொத்துக் கொத்தாக, வானத்தை நோக்கி வாய் திறந்து. தேனீக்கள் காலையில் வந்தால் பின்னேரம் வரை போகாது. கீழே இலைகள் நாளுக்கு நாள் மெலிந்து, வெளிறி, தாள் போலச் சரசரத்தன. பிள்ளை உதிர்ந்த பூக்களை ஒவ்வொரு விரலிலும் மாட்டிக்கொண்டு கொடிக்கம்பத்தைச் சுற்றி ஓடினாள். ஓடினாள் என்று எழுதுகிறேன், அதற்கு முந்திய வருடம் அவள் அந்த முற்றத்தில் ஓடவில்லை.

முன்வீட்டுப் பெண்மணி பாதையில் நின்று எட்டிப் பார்த்தார்.

"அழகா இருக்கே. என்னா பூ இது?"

"நீங்கள் பொலிசுக்குச் சொன்ன பூ."

"நான் ஒன்னும் சொல்லல."

"ஓம், ஓம்."

"ஒரு கொத்து குடுங்க, ஜாடியில வைக்கிறேன்."

"ஒருத்தருக்கும் குடுக்கக் கூடாதாம். சட்டம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அதை எனக்குக் காட்டாமல் திரும்பினார். எனக்கும் வந்தது. காட்டவில்லை.

மாமாவுக்குக் கண்ணில் கிருமி பிடித்து, ஆற நாள் எடுத்தது. கோடை வடிந்த பிறகுதான் வந்தார், கறுப்புக் கண்ணாடியோடு. வீட்டுக்குள் வரவில்லை, நேரே பின்பக்கம். கண்ணாடியைக் கழற்றினார். பூ அநேகமாக விழுந்து, உச்சியெல்லாம் பழுப்பு நிறக் காய்களாக நின்றன. ஓர் இலையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். கிழிந்தது. இன்னொன்று. அதுவும் கிழிந்தது. நான் படியில் நின்றேன், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு. திட்டுவார் என்று காத்திருந்தேன். பதிலெல்லாம் வாய்க்குள் தயாராக வைத்திருந்தேன், பல வருடத்துக்கானது.

அவர் ஒரு காயை நசுக்கினார். உள்ளங்கையில் மூக்குத்தூள். புதுக்கண்ணால் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"விதைக்கு விட்டிருக்கிறாய், பிள்ளை! இந்தத் தெரு முழுக்க நடலாம். அந்தக் கிழவன் எனக்கு ஒரு சிட்டிகை தந்தவன். நீ மூட்டையா தந்திருக்கிறாய்."

நான் தோற்றேனா வென்றேனா என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தெரியவில்லை. வாய்க்குள் வைத்திருந்ததெல்லாம் அப்படியே கிடந்தது. தலையணை உறை ஒன்று கேட்டார். கொடுக்கவில்லை. தன் அறையில் இருந்து தானே எடுத்துவந்து, காய்களை ஒன்று விடாமல் கத்தரித்து நிரப்பினார். பிறகு மகனைக் கூப்பிட்டார்.

"என்னை அங்கயே கொண்டுபோய் விடு. அங்க வளவு பெரிசு." காரில் ஏறும்போது என் பக்கம் திரும்பினார். "அங்க முட்டு இழுக்கிற ஆக்களும் இல்லை."

அது குத்தலா, வேறெதுவுமா என்று நான் கிண்டிப் பார்க்கவில்லை. போகிறார். அது போதும்.

கொட்டிலின் சாக்கை அவிழ்த்து, தகரத்தைச் சோடா போட்டுக் கழுவினேன். அந்தக் குளிருக்கும் பிள்ளைக்கு முட்டு வந்தது. இந்த ஊர் ஈரம் அதை முற்றாக விடாது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. காது வைத்துக் கேட்டால் கப்பல் தூரத்தில் நின்றது.

வசந்தம் வந்ததும் புகையிலை முளைத்தது. நான் நட்டதல்ல, யாரும் நட்டதல்ல. சிமெந்துப் பாதையின் வெடிப்புகளில், கொட்டிலின் கூரைத் தண்ணீர் வடியும் பீலிக்குள், முன்வீட்டு ரோசாக்களுக்கு அடியில். "இது என்னா கொடுமை, பிடுங்கப் பிடுங்க வருது!" என்று அங்கிருந்து சத்தம் கேட்டது. இங்கே நானும் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்கப் பிடுங்கினோம், அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

கடைசியாக மாமாவின் தோட்டத்தைப் பார்த்தது அடுத்த கோடையில், கிளென்ஃபீல்டில், மகள் வீட்டுப் பிறந்தநாள் ஒன்றுக்குப் போனபோது. வேலி நெடுக வரிசை வரிசையாக நின்றது. ஒன்றிலும் பூ இல்லை. தலை எல்லாம் முறிந்து, சாறு வடிந்து காய்ந்திருந்தது. இலைகள் தடித்து, கரும்பச்சையாக, தோல் மாதிரி. குடையைக் காணவில்லை. பாத்திக்குள் இருந்து அவர் எழுந்து வந்தார், வெறுங்காலோடு.

"முறிக்க இஞ்ச ஒருத்தரும் இல்லை. நானேதான். பார்," என்று இரண்டு கையையும் விரித்தார். விரல் நுனி முதல் மணிக்கட்டு வரை கறுத்த பிசின். பிறகு அந்தக் கைகளோடு பேத்தியை நோக்கிக் குனிந்தார். அவள் இந்த முறை ஒளியவில்லை.

"கையைக் கழுவிப்போட்டுப் பிள்ளையைத் தொடுங்கோ," என்றேன்.

தோட்டக் குழாயடிக்குப் போனார். சவர்க்காரத்தைப் போட்டுத் தேய்த்தார், தண்ணீரைத் திறந்தார், மண்ணைப் போட்டுத் தேய்த்தார், மறுபடி சவர்க்காரம். பிள்ளை பக்கத்தில் போய் நின்று, "ஸ்டில் டேர்ட்டி, அப்பப்பா," என்றாள். அவர் இன்னும் பலமாகத் தேய்த்தார். குழாய்க்கு நேர் மேலே, கை எட்டும் தூரத்தில், மகள் வீட்டு எலுமிச்சை மரம் காய்த்துத் தொங்கியது.

நான் சொல்லவில்லை.